ஒன்று புள்ளி நான்கு

ஜனவரியில் உலான்பாத்தரில்
பின்னணியை மங்கலாக்க போன் எதற்கு?
கரிப்புகை காலை எட்டு மணிக்கே
அந்த வேலையை முடித்துவிடும்.
எதிர்க்கட்டிடம் இன்னும் இருக்கிறது என்று
நம்பித்தான் சாலையைக் கடக்கிறோம்.

இருந்தும் எல்லாருக்கும் அந்த மங்கல் வேண்டும்.
திரை நொறுங்கியோ பேட்டரி உப்பியோ
சந்தைக் கட்டிடத்தின் மூன்றாம் மாடிக்கு
என் கடை தேடி மூச்சிரைக்க ஏறி வருகிறவர்கள்
முதலில் கேட்பது இதைத்தான்:
போர்ட்ரெய்ட் மோடு வேலை செய்யுமா?

செய்யும்.
ஒரு விரற்கடை இடைவெளியில் இரண்டு லென்ஸ்.
ஒன்று பார்த்ததற்கும் மற்றது பார்த்ததற்கும் உள்ள
சின்னக் கருத்து வேறுபாட்டை வைத்தே
யார் பக்கம், யார் தூரம் என்று
தீர்ப்பு எழுதிவிடும்.

தீர்ப்பில் பிழைகள் உண்டு.
நரித்தோல் தொப்பியின் விளிம்பைக் கொறித்துவிடும்.
தோளில் கிடக்கும் கை அடுத்தவருடையது என்றால்
மணிக்கட்டோடு நிறுத்திக்கொள்ளும்.
போன வாரம் ஒரு மல்யுத்தக்காரர்
படத்தில் தன் காதில் பாதியைக் காணோம் என்று
சண்டைக்கே வந்துவிட்டார்.
(நேரிலும் பாதிதான் இருந்தது.
நான் சொல்லவில்லை.)

ஓயுங்கேரெல் வந்தது வியாழக்கிழமை.
கம்பளி ஆலையில் தரம் பிரிக்கிறாள்.
கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழையைத் தடவி
ஆட்டின் எந்தப் பக்கத்து முடி என்று சொல்வாளாம்.
போன் குளியல் தொட்டியில் விழுந்திருந்தது.
"மற்றதெல்லாம் போகட்டும்.
ஒரே ஒரு படம்."

உலர்த்தி, சுரண்டி, இரண்டு நாள் கழித்து
உயிர் வந்தது.
படத்தில் அவள்.
இமையில் ஒட்டிய பனித்துகளை எண்ணிவிடலாம்,
அத்தனை துல்லியம்.
பின்னால் நாலைந்து ஒளிவட்டங்கள்,
நட்டுவைத்த மாதிரி ஒரு பழுப்புத் தீற்றல்.

"இதோ, இவரைத்தான் எடுத்தேன்" என்றாள்
தீற்றலைத் தொட்டு.
"என்னை எடு என்று தோழியிடம் போனைக் கொடுத்தேன்.
அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.
படத்தில் விழட்டும் என்று
அரை அடி இடப்பக்கம் தள்ளி நின்றேன்.
போனுக்குத்தான் புரியவில்லை."

மூன்று குளிர்காலம்
அந்தப் பழுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.
தொழில் புத்தி.
"போன் எதையும் தொலைக்கவில்லை, அம்மா,
தொலைத்த மாதிரி நடிக்கிறது.
இந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள்" என்றேன்.

இழுத்தாள்.
ஒன்று புள்ளி நான்கு.
இரண்டு புள்ளி எட்டு.
பழுப்புக்குத் தோள் வந்தது.
ஐந்து புள்ளி ஆறு.
தோளுக்குக் கோட்டு, கோட்டுக்குப் பொத்தான்.
பதினாறு.
குழந்தைக் கையுறை ஒன்றைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு பாக்கெட்டிலும் சில்லறை துழாவும் மனிதர்.
மூக்கில் சளி.

வெகுநேரம் பார்த்தாள்.
என் கெட்டிலில் உப்புத் தேநீர் பொங்கி அடங்கியது.

"இவர் அவர் இல்லை."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
சார்ஜர் ஒயரைச் சுற்றினேன்.
சுற்றியதையே மறுபடி சுற்றினேன்.

அவள் விரலை வைத்து
மெதுவாகக் கோட்டைத் திருப்பித் தள்ளினாள்.
பொத்தான் போனது. சில்லறை போனது.
கையுறை, மூக்கு, முகம்.
ஒன்று புள்ளி நான்கு.

"இப்போது அவர்தான்" என்றாள்.

நாற்பதாயிரம் துக்ரிக் கேட்டேன்.
பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
பதினாறில் வைத்தபோது பார்த்தேன்.
அவள் வாயிலிருந்து கிளம்பிய வெண்ணிற ஆவி
தோளைத் தாண்டி, சாலையைத் தாண்டி
நிறுத்தம் வரைக்கும் போயிருந்தது.
ஒன்று புள்ளி நான்கில்
உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்தில்
கத்தரித்த மாதிரி நிற்கிறது.

விட்ட மூச்சு ஆளோடு சேர்த்தியா
பின்னணியோடு சேர்த்தியா என்று
இந்த வருட மாடலுக்கும் தெரியவில்லை.